சுவரில் வரையும் இலக்கும் உள்ளத்தில் எழும் ஊக்கமும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த நேயர்களே! வாலிப சகோதர, சகோதரிகளே! பெற்றோர்களே!

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, இஸற் புள்ளியின் கடும் போட்டியையும் தாண்டிப் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்த நம் பிள்ளைகளுள் எத்தனையோ பேர், இரண்டாம் வருடத்தை அடையும்போது சோர்ந்துபோய் நிற்கின்றனர். விரிவுரைக்குச் செல்கின்றனர், ஆனால் எதற்காகச் செல்கின்றோம் என்று கேட்டால் பதில் இல்லை. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் கண்விழிக்கின்றனர். ஏனைய வாரங்கள் எங்கு சென்றன என்று அவர்களுக்கே தெரிவதில்லை. ஆற்றல் இல்லாதவர்களா இவர்கள்? இல்லை. இவர்களுடைய கண்ணுக்கு முன்னால் இருந்த இலக்கு மறைந்துவிட்டது. அதுவே காரணம்.

பாடசாலை நாட்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். உயர்தரப் பரீட்சையின் திகதி வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் அதைச் சொன்னார், உம்மா சொன்னார், மாமா சொன்னார், பள்ளிவாசலில் சந்தித்தவர்களும் சொன்னார்கள். பல்கலைக்கழகத்திலோ அவ்வாறு நினைவூட்ட எவரும் இல்லை. விடுதி அறையின் சுவர் வெறுமையாக இருக்கின்றது. மூன்று அல்லது நான்கு வருடங்கள் என்பது நீண்ட காலமாகத் தோன்றுகின்றது. கண்ணுக்குத் தெரியாத ஊரை நோக்கி எவரும் விரைந்து நடப்பதில்லை அல்லவா?

ஆகவே இன்றைய உரையில், இலக்கைக் கண்ணால் காணும்படி வரைந்து வைத்து, அதன் மூலம் கல்வியில் ஊக்கத்தை வளர்ப்பது எவ்வாறு என்பதை நோக்குவோம். இது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். ஸூரத்துல் ஹஷ்ரின் 18ஆம் வசனம், நாளைய தினத்துக்கென்று தான் எதை முற்படுத்தி வைத்திருக்கின்றது என்பதைப் பார்த்துக்கொள்ளுமாறு ஒவ்வோர் ஆன்மாவையும் பணிக்கின்றது. அங்கே கையாளப்பட்டிருப்பது நோக்குதல் என்ற பொருளுடைய சொல் என்பதைச் சிந்தியுங்கள். நாளை என்பது பார்க்கப்பட வேண்டிய ஒன்று.

நேயர்களே! நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் காதால் மாத்திரம் கற்பிக்கவில்லை, கண்ணாலும் கற்பித்தார்கள். அநாதையைப் பராமரிப்பவரின் அந்தஸ்தைச் சொல்லும்போது இரு விரல்களை அருகருகே காட்டினார்கள். நேரான வழியை விளக்கும்போது ஒரு நேர்கோட்டை வரைந்து, அதன் இருமருங்கிலும் கிளைக் கோடுகளை வரைந்து காட்டினார்கள். இவற்றையெல்லாம் விட நமது தலைப்புக்கு நெருக்கமான ஒரு சித்திரத்தை அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது கிரந்தத்தில் பதிவு செய்துள்ளார்கள்.

நபியவர்கள் ஒரு சதுரத்தை வரைந்தார்கள். அதன் நடுவே ஒரு கோட்டை வரைந்து, அக்கோடு சதுரத்தைக் கடந்து வெளியே செல்லுமாறு நீட்டினார்கள். பின்னர் உள்ளேயிருக்கும் அக்கோட்டை நோக்கிப் பக்கங்களிலிருந்து சிறு சிறு கோடுகளை இட்டார்கள். நடுவில் உள்ளது மனிதன். அவனைச் சூழ்ந்திருக்கும் சதுரம் அவனது தவணை. வெளியே நீண்டு செல்வது அவனது ஆசை. சிறு கோடுகள் அவனைத் தாக்கும் இடையூறுகள். ஒன்றிலிருந்து தப்பினால் மற்றொன்று அவனைத் தீண்டும் என்று விளக்கினார்கள்.

இந்த ஹதீஸின் முதல் நோக்கம் மரணத்தை நினைவூட்டுவதும், எல்லையற்ற ஆசையிலிருந்து மனிதனைக் காப்பதுமே ஆகும். அதை நாம் மாற்றிவிடக் கூடாது. எனினும் மாணவர் ஒருவர் இதிலிருந்து பெற்றுக்கொள்ளத்தக்க படிப்பினையும் உண்டு. இன்று இளைஞர்கள் தம் அறையில் ஒட்டிவைக்கும் இலக்குப் படங்களைப் பாருங்கள். பட்டமளிப்பு மேலங்கி, வெள்ளை மேற்சட்டை, புதிய வாகனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கோபுரம். அவர்கள் வரைவது சதுரத்துக்கு வெளியே செல்லும் ஆசைக் கோட்டை மாத்திரமே. தவணையைக் காட்டும் சதுரம் அதில் இல்லை. இடையூறுகளைக் காட்டும் சிறு கோடுகளும் இல்லை. நபியவர்கள் வரைந்த சித்திரத்திலோ ஆசை, தவணை, இடையூறு ஆகிய மூன்றும் இருந்தன.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதன் பயனை இக்கால உளவியல் ஆய்வுகளும் உணர்த்துகின்றன. லியன் பாம், ஷெல்லி டெய்லர் ஆகிய இருவர் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடத்திய ஓர் ஆய்வை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பரீட்சையை எதிர்நோக்கியிருந்த மாணவர்களில் ஒரு சாரார், தாம் உயர்ந்த புள்ளி பெற்று மகிழ்வதைத் தினமும் சில நிமிடங்கள் மனக்கண்ணில் கண்டனர். மற்றொரு சாரார், தாம் மேசையில் அமர்வதையும், புத்தகத்தைத் திறப்பதையும், குறிப்பெடுப்பதையும் மனக்கண்ணில் கண்டனர். முடிவு என்ன? படிக்கும் செயலைக் கண்டவர்கள் முந்திப் படிக்கத் தொடங்கினர். சிறந்த புள்ளிகளையும் பெற்றனர். வெற்றியை மாத்திரம் கண்டவர்கள் அவர்களை விடப் பின்தங்கினர்.

ஹெதர் காப்பஸ், காப்ரியேல் எட்டிங்கன் ஆகியோர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. இனிய எதிர்காலத்தை மனதார அனுபவித்துக் கற்பனை செய்தவர்களின் உடலில், செயலுக்குத் தேவையான உற்சாகம் கூடவில்லை, குறைந்தது. ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? கற்பனையிலேயே வெற்றியைச் சுவைத்துவிட்ட உள்ளம், வந்து சேர்ந்துவிட்டோம் என்று ஓய்வெடுத்துக்கொள்கின்றது. ஆகவே பட்டமளிப்பு மேலங்கியின் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் எவரும் பட்டதாரி ஆவதில்லை.

அப்படியாயின் உயர்ந்த கனவே கூடாதா? கூடும். அகழ் யுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. குளிரும் பசியும் அச்சமும் சூழ்ந்திருந்த வேளை. பெரும் பாறையொன்று குறுக்கிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதனை அடித்தார்கள். ஷாம், பாரசீகம், யெமன் ஆகிய தேசங்களின் திறவுகோல்கள் தமக்கு வழங்கப்பட்ட நற்செய்தியைத் தோழர்களுக்கு அறிவித்தார்கள். அது உயர்ந்த இலக்கு. ஆனால் அதே அகழ் எவ்வாறு தோண்டப்பட்டது? பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று அளந்து பங்கிடப்பட்டதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. நபியவர்களும் மண் சுமந்தார்கள். தூரத்துத் தேசங்களைக் கண்ட கண்கள், காலடியில் உள்ள நாற்பது முழத்தையும் கண்டன. வாலிபர்களே! உங்கள் கனவு ஷாம் தேசம் வரை செல்லட்டும். ஆனால் இன்றைய உங்களது நாற்பது முழம் எது என்பதை அளந்து வையுங்கள்.

இனி, அதனை அளக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, இலக்கு தெளிவாகவும் தவணையுடனும் இருத்தல் வேண்டும். 'நன்றாகப் படிப்பேன்' என்பது இலக்கு அல்ல, அது ஆசை. எட்வின் லொக், கெரி லேதம் ஆகிய அறிஞர்கள் பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1990இல் வெளியிட்ட நூலில், 'இயன்றதைச் செய்' என்ற பொதுவான பணிப்பை விட, தெளிவானதும் சற்றுக் கடினமானதுமான இலக்கே மனிதனைக் கூடுதலாக உழைக்கச் செய்கின்றது என்று நிறுவினர். ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் பணித்தபோது, அரை மாதத்துக்குள் அவர் அதனைக் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. கற்க வேண்டியது எது, எதற்காக என்பது அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது.

இரண்டாவது, இலக்கை நாட்களாகப் பிரித்தல் வேண்டும். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். ஆகவே மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 150 மணிநேரம். விரிவுரைகள் மாத்திரம் கொண்ட பாடமாயின், விரிவுரை மண்டபத்தில் கழிவது ஏறத்தாழ 45 மணிநேரமே. எஞ்சிய 105 மணிநேரம் மாணவர் தாமே கற்க வேண்டியது. ஓர் அரையாண்டுக்குப் பதினைந்து வாரங்கள் என்று கொண்டால், வாரத்துக்கு ஏழு மணிநேரம். அதாவது ஒரு பாடத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மணிநேரம். இந்தக் கணக்கை எத்தனை மாணவர்கள் அறிந்திருக்கின்றனர்? அறியாமையினால்தான் விரிவுரைக்குச் சென்றுவந்தாலே கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர்.

இதனைச் சுவருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பிரிஸ்டல் போட்டை எடுங்கள். அதற்கும் வசதியில்லையெனில் கடந்த வருட நாட்காட்டியின் பின்பக்கம் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் பதினைந்து வரிசை, வரிசைக்கு ஏழு கட்டம் என்று வரையுங்கள். நூற்றைந்து கட்டங்கள் கிடைக்கும். ஒரு மணிநேரம் உண்மையாகப் படித்து முடித்த பின் ஒரு கட்டத்தை நிரப்புங்கள். படிக்காத நாளில் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். அந்த வெறுமை எவருடைய கண்டிப்பையும் விட வலிமையாகப் பேசும். விசாரிக்கப்படுவதற்கு முன்னர் நம்மை நாமே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று உமர் (ரழி) அவர்கள் கூறியதாக அறிவிக்கப்படும் உபதேசத்தின் ஒரு சிறு பயிற்சி இது.

மூன்றாவது, இடையூறுகளையும் அதே தாளில் எழுத வேண்டும். தமிழ்மொழி மூலம் கற்று வந்தவருக்கு ஆங்கில மொழியிலான விரிவுரை ஓர் இடையூறு. கைத்தொலைபேசி ஓர் இடையூறு. இரவு நெடுநேரம் நீளும் அறை நண்பர்களின் அரட்டை ஓர் இடையூறு. புலமைப்பரிசில் பணம் பிந்தும் மாதம் ஓர் இடையூறு. இவற்றைக் கட்டங்களின் பக்கத்தில் சிறு கோடுகளாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பரிகாரத்தை எழுதுங்கள். பீட்டர் கொல்விட்சர் என்ற உளவியலாளர், 'இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்வது மனிதனைச் செயலுக்குக் கொண்டுவருவதில் பெரிதும் துணைசெய்கின்றது என 1999இல் எழுதினார். ஐவேளைத் தொழுகையுடைய சமுதாயத்துக்கு இது மிக இலகுவான காரியம். 'இஷாத் தொழுதுவிட்டு அறைக்கு வந்ததும் கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துவிட்டு மேசையில் அமர்வேன்.' 'ஸுபஹுக்குப் பின் அன்றைய விரிவுரையில் வரக்கூடிய பத்து ஆங்கிலச் சொற்களைப் பார்ப்பேன்.' இவ்வாறு தொழுகை நேரங்களோடு படிப்பைப் பிணைத்துக்கொண்டால், தொழுகையும் பேணப்படும், படிப்பும் பேணப்படும்.

நான்காவது, சிறிதாயினும் தொடர்ந்து செய்ய வேண்டும். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஆசிரியர் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி அவர்களின் சபையில், ஆதாரபூர்வமான ஹதீஸ்களை மாத்திரம் சுருக்கமாகத் தொகுத்தால் நன்றாயிருக்குமே என்ற வார்த்தையைச் செவியுற்றார்கள். அது அவர்களின் உள்ளத்தில் இலக்காகப் பதிந்தது. அதனை முடிக்கப் பதினாறு ஆண்டுகள் சென்றன. ஒவ்வொரு ஹதீஸையும் பதியும் முன் குளித்து இரண்டு ரக்அத் தொழுதார்கள் என்று கூறப்படுகின்றது. பெரும் கிரந்தமும் ஒவ்வொரு ஹதீஸாகவே நிறைந்தது.

அன்பு நேயர்களே! இங்கு மூன்று எச்சரிக்கைகளையும் கூறுவது என் கடமையாகும்.

படத்தை ஒட்டி வைத்து அதையே நினைத்துக்கொண்டிருந்தால் பிரபஞ்சம் அதனை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்ற கருத்து, 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 'த சீக்ரெட்' என்ற படத்தின் மூலமும் அதே பெயருடைய நூலின் மூலமும் உலகெங்கும் பரவியது. நம் பிள்ளைகள் சிலரும் இதனை நம்புகின்றனர். முஃமினுடைய அகீதாவில் இதற்கு இடமில்லை. கொடுப்பவன் அல்லாஹ். சுவரில் உள்ள தாள் வெறும் நினைவூட்டல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கட்டுவது நம் வேலை. காப்பது அவன் வேலை.

அடுத்தது, உங்கள் இலக்கை ஊராருக்குக் காட்டாதீர்கள். அதனைப் படம்பிடித்து வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போட்டுப் பாராட்டைப் பெற்றுக்கொள்ளும்போது, முகஸ்துதி என்னும் நோய் உள்ளத்தில் புகுந்துவிடுகின்றது. உலக ரீதியாகவும் அதில் நட்டம் உண்டு. தாம் அடைய விரும்பும் அந்தஸ்துக்கான முயற்சியைப் பிறர் அறிந்து அங்கீகரித்துவிட்டால், மாணவர்களின் உழைப்பு அதன் பின் குறைந்துவிடுவதை 2009இல் கொல்விட்சரும் அவரது சகாக்களும் கண்டனர். தாள் உங்கள் மேசைக்கு எதிரே இருக்கட்டும், வாசற்கதவில் வேண்டாம்.

மற்றொன்று, உருவப் படங்களைச் சுவரில் தொங்கவிடுவது பற்றி மார்க்க அறிஞர்கள் கூறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். கோடும் கட்டமும் எண்ணும் எழுத்துமே இதற்குப் போதுமானவை. நடிகர், விளையாட்டு வீரர் எவருடைய முகமும் அங்கு அவசியமில்லை.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே! இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பிள்ளையின் சுவரில் இருக்கும் இலக்கு யாருடையது?

உயிரியல் பிரிவில் கற்ற பிள்ளையொன்றை எண்ணிப் பாருங்கள். வாப்பா சிறு வயதிலிருந்தே 'எங்கள் டொக்டர்' என்று அழைத்தார். உயர்தரப் பெறுபேறு வந்தது. மருத்துவ பீடத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. விஞ்ஞான பீடம் கிடைத்தது. தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் நாட்டில், அது பெரும் பாக்கியம். ஆனால் வீட்டில் மரண வீட்டின் அமைதி. அப்பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வெற்றியாளனாகச் செல்லவில்லை, தோற்றவனாகவே செல்கின்றது. இரண்டாம் வருடத்தில் அது சோர்ந்து நிற்பதற்குச் சோம்பல் காரணமா? இல்லை, பெற்றோர்களே! உங்கள் கனவின் படம் இன்னமும் அதன் உள்ளத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கின்றது. அதைக் கழற்றிவிடுங்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, 'மகனே, மகளே, நீ எங்கு செல்ல விரும்புகின்றாய்?' என்று கேளுங்கள். அதன் கையாலேயே புதிய தாளை வரையச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைப் பற்றி அன்போடு விசாரியுங்கள். வெறுமையான கட்டங்களை எண்ணித் திட்டாதீர்கள். நிரம்பிய கட்டங்களை எண்ணி துஆச் செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே உரிமையைக் கொடுங்கள். திருமணப் பேச்சு வந்தவுடன் அவர்களின் தாளைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள்.

வாலிபர்களே! எல்லாக் கட்டங்களையும் நிரப்பிய பின்னரும் இலக்குக் கைகூடாமல் போகலாம். அப்போது என்ன செய்வது? நபியவர்கள் வரைந்த சதுரத்துக்கு மீண்டும் வாருங்கள். தவணைக்கு வெளியே செல்லும் கோடு வெறும் ஆசையாக இருந்தால் அது ஏமாற்றமே. ஆனால் மனிதன் மரணித்த பின்னரும் தொடரும் நன்மைகளுள், பயன்தரும் கல்வியும் நிலையான தர்மமும் அடங்கும் என்று ஹதீஸ் கூறுகின்றது. எனவே உங்கள் இலக்கில் பிறருடைய பயனும் கலந்திருக்குமானால், அந்தக் கோடு சதுரத்தைக் கடந்தும் பலனளிக்கும்.

நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கல்வியில் பின்தங்கியிருந்த சமுதாயத்தைத் தட்டியெழுப்பினார்கள். 1892இல் கொழும்பு மருதானையில், பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரி என்று பெயர்பெற்ற பாடசாலை தோன்ற முன்னின்று உழைத்தார்கள். 1898இல் அன்னார் இறையடி சேர்ந்தார்கள். அக்கல்லூரி ஓங்கி வளர்ந்து, 1948 முதல் 1961 வரை ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் அதிபராக இருந்த காலத்தில் பெற்ற சிறப்பை அவர்கள் கண்ணால் காணவில்லை. அதே அஸீஸ் அவர்கள் 1945இல் தோற்றுவித்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, வறிய மாணவர்களின் உயர்கல்விக்குக் கைகொடுத்தது. தாம் காணமாட்டாத நாளுக்காகக் கோடு வரைந்தவர்கள் அவர்கள். நாம் இன்று அந்தக் கோட்டின் நிழலில் கற்கின்றோம்.

ஆகவே, உங்கள் தாளின் தலைப்பில் 'எனக்கு என்ன கிடைக்கும்' என்று எழுதுவதற்கு முன்னர், 'என்னால் யாருக்கு என்ன கிடைக்கும்' என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவே உங்கள் நிய்யத். கட்டங்கள் வெறுமையாகும் சோர்வான நாட்களில் உங்களை மீண்டும் மேசைக்கு அழைத்து வருவது அந்த ஒரு வரியாகவே இருக்கும். இன்றிரவே தொடங்குங்கள். முழுத் திட்டமும் இன்று வேண்டாம். ஒரு பாடம், ஒரு தாள், ஒரு கட்டம் போதும்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! அவர்களின் இலக்குகளைத் தூய்மையாக்கி, பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியாகவும் சமுதாயத்துக்கும் நாட்டுக்கும் பயனுள்ளவர்களாகவும் அவர்களை ஆக்கியருள்வானாக! ஆமீன்.